ஓரம் வழித்துக் கலக்குகிறவள்

எங்கள் தெருவில் நிதானம் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தாலும் நான் கொண்டையை முடிந்துகொண்டுதான் வெளியே வருவேன். திருநகருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர். எதிர்வீட்டு மாடிக்கு அவள் குடிவந்த பிறகு அதுவும் போயிற்று.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத்து எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். வருகிற நாலு எழுத்தை அவள் பெயருக்கு எதற்குச் செலவழிக்க?

அவள் பிழைப்பு கல்யாண மாலை. பொண்ணு மாப்பிள்ளை கழுத்தில் கிடந்த மாலையை வாங்கி வந்து, பூவைப் பக்குவமாகக் காயவைத்து, அச்சில் அடுக்கி, மேலே பசை ஊற்றிக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவாள். வாடாத மாலை, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பசைக்கு எப்பாக்சி என்று பெயர். ரெண்டு பாட்டிலில் வரும். ஒன்றில் தேன் மாதிரி பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற தண்ணி. தனித்தனியாக இருந்தால் ரெண்டும் சும்மா கிடக்கும். கணக்காகச் சேர்த்துக் கலக்கினால் கல்லாகிவிடும்.

அவள் வந்த புதுசில் நான் பால் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு கப்பில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். வயசான மனுசி மூச்சு வாங்க வந்து நிற்கிறேன், "வாங்க" என்ற சொல் வரவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, நில்லுங்கள் என்று காட்டினாள். நின்றேன். குச்சியை அவசரமில்லாமல் சுற்றினாள். பிறகு கப்பின் ஓரத்தை வழித்தாள். அடியை வழித்தாள். குச்சியிலேயே ஒட்டியிருந்ததைக் கப்பின் விளிம்பில் தேய்த்து உள்ளே விட்டாள். முடிந்தது என்று பார்த்தால், அம்புட்டையும் இன்னொரு சுத்தமான கப்பில் ஊற்றி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். என் கையில் கொழுக்கட்டை ஆறிப்போனது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கலக்கும்போது நான் பேசறதில்ல" என்றாள், எல்லாம் முடிந்த பிறகு.

"அப்படி என்னத்த கலக்குற தாயி? ஒரு பாயாசம் கிண்டற வேல."

"நடுவுல இருக்கறது தானாக் கலந்துக்கும்க்கா. ஓரத்துல ஒட்டியிருக்கறதுதான் ஏமாத்தும். கலந்த மாதிரியே இருக்கும், கலந்திருக்காது."

கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு, வெல்லம் எத்தனை கிராம் போட்டீர்கள் என்று கேட்டாள். என் கைப்பக்குவத்தைக் கிராமில் கேட்ட முதல் ஆள் அவள்தான். "எனக்குக் கண்ணுதான் தராசு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அவள் சாயம் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவள், சௌராஷ்டிராக்காரி. எங்களிடம் பேசும்போது மதுரைத் தமிழ்தான். போன் வந்தால் மட்டும் அவர்கள் பாஷைக்கு மாறிவிடுவாள். நடுநடுவே சிரிப்பாள். அது என்னைப் பற்றித்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். இல்லை என்று எனக்கு யார் சொல்ல முடியும்?

இப்படியே போயிருந்தால் அவள் எனக்கு எதிர்வீட்டுக்காரியாகவே இருந்திருப்பாள். எங்கள் வீட்டுக்காரர்தான் அதைக் கெடுத்தார்.

அவர் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். வீட்டில் இருக்கிற கதவு ஜன்னலை எல்லாம் இழைத்து முடித்துவிட்டு, கை அரிப்போடு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் எவனோ வீட்டிலேயே மரப்படகு கட்டுவதைப் பார்த்திருக்கிறார். நாமும் கட்டுவோம் என்றார். பரவைக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் ஊரில் கண்மாய் இருக்கிறது, அதில் விடலாமாம். தெருவே சிரித்தது.

"என்னண்ணே, வைகையில தண்ணி வரப்போவுதுன்னு எவனும் தகவல் சொன்னானா?"

"தண்ணி வரட்டும்னு படகு கட்டலடா. படகு கட்டுனா வெக்கப்பட்டாவது வரும்ல" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் உண்டு, கார்தான் கிடையாது. அங்கே பலகைகளை அறுத்து, ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்தார். ஜாக்கெட் தைக்கிற மாதிரியே பலகையைத் தைத்தால் படகின் உருவம் வந்துவிடுகிறது. அதன் பிறகு தையல் நெடுக எப்பாக்சி பூச வேண்டும், மேலே கண்ணாடி நார்த் துணி ஒட்ட வேண்டும். கம்பி பிடிப்பதற்கும் பலகை தாங்குவதற்கும் அதுவரை நான்தான் அவர் பக்கத்தில் நின்றேன். படகு எங்கள் ரெண்டு பேருடையதாக இருந்தது.

பாட்டில்கள் வந்த அன்றைக்கு அவருக்குப் பொறுமை இல்லை. குளிக்கிற மக்கில் ரெண்டையும் நிறைய ஊற்றி, சுண்ணாம்பு கலக்குகிற மாதிரி கலக்கினார். புரட்டாசி வெயில் வேறு. கொஞ்ச நேரத்தில் மக்கு சுட ஆரம்பித்தது, பிறகு புகைந்தது, அடி இளகிச் சாய்ந்தது. நான் வாளியைத் தேடி ஓடுவதற்குள் எதிர்மாடியிலிருந்து சத்தம்.

"அண்ணே, கையில பிடிக்காதீங்க! வெளிய மண்ணுல தள்ளுங்க!"

அவள் இறங்கி வந்தாள். அவசரப்பட்டு அவள் நடந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

"இம்புட்டையும் ஒரே குவளையில வச்சா தன் சூட்டுல தானே வெந்துரும்ணே. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கலக்கணும். கலக்குன உடனே அகலமான தட்டுல பரத்தி விட்ரணும். நம்மூரு வெயிலுக்கு விடியுமுன்ன ஆரம்பிச்சாத்தான் கைக்கு நேரம் கெடைக்கும்."

"சரிம்மா" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். தாலி ஏறிய நாளிலிருந்து நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்பார். ரொம்பப் போனால் "ம்" என்பார். "சரி" என்கிற சொல் அவர் வாயில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து விடிகிற வேளைக்கு அவள் வந்தாள், சின்னத் தராசோடும் காகிதக் கப்புகளோடும். பிசின் ரெண்டு பங்கு, இறுக்குகிற தண்ணி ஒரு பங்கு. தராசில் வைத்து, மூச்சை அடக்கி, கடைசிச் சொட்டு வரை பார்த்து ஊற்றுவாள். கலக்குகிற குச்சியின் முனையைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பாள், மூலையில் இருப்பதும் அகப்பட வேண்டுமாம். அவள் கலக்கும்போது அவரும் பேச மாட்டார். ரெண்டு பேரும் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் காப்பி டம்ளரோடு நிற்பேன்.

"கூடக் கொஞ்சம் தண்ணிய விட்டா சீக்கிரம் இறுகுமா தங்கச்சி?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "இறுகாம? உறை மோர் கூட விட்டா தயிரு சீக்கிரம் உறையறதில்லையா?"

அவள் கலக்கி முடித்து, தட்டில் பரத்திவிட்டு, அதற்கப்புறம்தான் பதில் சொன்னாள்.

"இது தயிர் இல்லக்கா. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு கை கோத்துக்கற மாதிரி. அளவுக்கு மேல வந்தவனுக்குக் கோக்க ஆள் இருக்காது. அவன் இறுகவும் மாட்டான், போகவும் மாட்டான். நடுவுல நின்னு பிசுபிசுன்னு இருப்பான்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தது நான்தானே.

அவளுக்கும் தெரியாதது ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். மாலைக்கு ஊற்றுகிற பசை தண்ணீர் மாதிரி ஓட வேண்டும். படகின் உள்மூலையில் வைக்கிற பசையோ ஓடவே கூடாது. நைசான மரத்தூளைச் சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும். என் மாவுச் சல்லடையை வாங்கிப்போய் மரத்தூளைச் சலித்தாள். என்னைக் கேட்டது அவள் இல்லை, அவர்தான் எடுத்துக் கொடுத்தார். தூளைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை வழிந்தது, இன்னொரு தடவை உதிர்ந்தது. இதற்குக் கிராம் கணக்கு அவளிடம் இல்லை.

"அக்கா, நீங்க வந்து பாருங்களேன்."

கையுறை மாட்டிக்கொண்டு போனேன். ஒரு உருண்டை எடுத்து விரலில் வைத்துக் கவிழ்த்தேன். "உளுந்த வடை மாவு பதம் வரணும். கவிழ்த்தா விழக்கூடாது. தடவுனா இழுபடாமப் போகணும். இன்னுங் கொஞ்சம் தூள் போடு. ம், போதும்."

அன்று மூலைகளில் எல்லாம் பசை வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது. "எப்படிக்கா கையில வச்ச உடனே தெரியுது?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் மனசு இளகித்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கும் சேர்த்துத் தோசை ஊற்றப் போனேன். அடுப்படி ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

"தங்கச்சி, நீ இல்லாட்டி இது வெறும் பலகைதான். கண்மாயில விடற அன்னைக்கு மொதல்ல நீதான் ஏறி உக்காரணும்."

தோசையைத் திருப்பவில்லை. கருகட்டும் என்று விட்டேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்கால் தண்ணீரில்கூட இறங்க மாட்டேன். படகில் ஏறும் எண்ணமே அதுவரை எனக்கு இருந்ததில்லை. ஆனால் என் வீட்டு வாசலில், என் புருசன் கட்டின படகில், எனக்கு முன்னால் இன்னொருத்தி ஏறி உட்காருவதா? அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அடிப்பக்கத்துக்கு உள்ளே நார்த் துணி ஒட்டுகிற நாள் வந்தது. வெள்ளைத் துணியை விரித்து மேலே பசையைத் தடவினால், துணி ஈரமாகி ஈரமாகிக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், கீழே மரம் மட்டும் பளிச்சென்று தெரியும். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கப்பில் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு சூரத்துல இருந்து இந்தத் தீவாளிக்காவது வாராரா?"

தெருவில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அவள் வீட்டுக்காரர் ஜவுளி வேலைக்கென்று போய் வருசக்கணக்காகிறது, ஒரு விசேசத்துக்கும் வந்ததில்லை. கலக்கும்போது பேச மாட்டாளே என்றுதான் நானும் நினைத்தேன். குச்சி நின்றது.

"வருவாருக்கா. டிக்கெட்டுதான் கெடைக்கலையாம்."

அவ்வளவுதான் சொன்னாள். கையில் இருந்ததை ஊற்றிப் பூச ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் அவர்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். நடுவில் கல். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் திட்டுத் திட்டாகப் பிசுபிசுப்பு. விரலை எடுத்தால் நூல் வந்தது. எனக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது.

"யாரு கலந்தது இத?" என்றேன்.

"நான்தான்" என்றார்.

நானும் அங்கேதானே இருந்தேன்? துணி முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுசன், கப்பையே தொடவில்லை. காய்கறி வாங்கினால்கூட அழுகலைக் காட்டி "ஏமாந்துட்டேன்" என்று சொல்கிறவர். என்னிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. முதல் பொய்யை அவளுக்காகச் சொன்னார்.

அந்தப் பொய்யை நான் சும்மா விடப் போவதில்லை என்றிருந்தேன். வருசக்கணக்கில் வைத்துக் குத்திக் காட்டலாம், வம்படியாகச் சோறு போடாமல் இருக்கலாம். அதற்குள் அவள் இறங்கி வந்தாள்.

"உங்க அண்ணன்தான் கலந்தாராம்ல?" என்றேன்.

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். திட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். நிமிர்ந்தாள்.

"அண்ணே சும்மா சொல்றாருக்கா. நான் கலந்தது. ஓரத்த வழிக்கல, வேற கப்புக்கும் மாத்தல. ஓரத்துல இருந்தது அப்படியே வந்து விழுந்துருக்கு. கலக்கும்போது பேசிட்டேன். பேசக்கூடாது."

யார் பேச வைத்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தார். ஊர் கேட்கிறதைத்தானே நானும் கேட்டேன்?

அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசிவிடலாம், தெரியாது என்றார் அவர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கீழ இருக்கறது என்னைக்கும் இறுகாதுண்ணே. மேல எத்தன பூசினாலும் அது அப்படியேதான் இருக்கும்." பட்டி பார்க்கிற பிளேடை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கி, பிசுபிசுத்த இடத்தை எல்லாம் சுரண்டினாள். பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாள். கண்மாயில் தண்ணீர் இருக்கும்போதே விட்டுவிட வேண்டும் என்று அவர் பரபரத்தார். அவள் பாட்டுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல்யாண மாலை செய்யச் சொல்லியிருந்த ஆட்கள் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். எடுத்து, தன் பாஷையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், "இன்னும் ஆகல" என்று வைத்துவிட்டாள். திரும்பக் கலக்கினாள். இந்தத் தடவை நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

படகு குட்டியானை வண்டியில் ஏறியது. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். அவரும் அவளும் பின்னால், படகைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். காளவாசல் சிக்னலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மதுரைக்கு வெள்ளம் வருதுன்னு எங்களுக்குச் சொல்லவே இல்ல" என்றார். டிரைவர் சிரித்தான். நான் கண்ணாடியிலேயே இருந்தேன்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில் நாத்தனார் குடும்பமும் ஊர் ஆட்களும் கூடிவிட்டார்கள். நான் படகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவர் தேங்காய் உடைத்தார். படகைத் தண்ணீரில் தள்ளி, பிடித்துக்கொண்டு, திரும்பினார்.

"வா தங்கச்சி, ஏறு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"அக்கா ஏறட்டும்ணே" என்றாள் அவள். "நான் கரையில நிக்கணும். ஆள் உக்காந்ததும் ஓரம் எம்புட்டு எறங்குதுன்னு இங்க இருந்தாத்தான் தெரியும்."

நான் நினைத்தது கிடைத்தது. ஆனால் அவள் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஏற மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவள் ஏறியிருப்பாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாத்தனார் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். படகு ஒரு ஆட்டம் ஆடியது. ரெண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் துடுப்புப் போட்டார்.

கரை விலகியது. கண்மாய் நடுவே வந்ததும் அவள் குரல் தண்ணீர் மேலேயே வந்தது.

"அக்கா! கீழ கைய விட்டுப் பாருங்க! ஈரம் இருக்கா?"

குனிந்து காலடியில் தடவினேன். அவள் சுரண்டித் திரும்பப் பூசின இடம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். மொழுக்கென்று இருந்தது. காய்ந்து இருந்தது. அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார். கரையில் அவள் இத்துனூண்டு தெரிந்தாள், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு. என் இன்னொரு கை படகுக்கு வெளியே, கண்மாய்த் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அதை நனைத்துத் தூக்கிக் காட்டினால் போதும். அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும், ஈரம் எங்கிருந்து வந்தது என்று?

"இல்ல" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவர் கத்தினார். "காஞ்சு கெடக்கு தங்கச்சி! எலும்பு மாதிரி!"

ஊரே கை தட்டியது. அவள் தட்டவில்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"ஓரத்துலயும் பாத்தீங்களாக்கா?"

அதன் பிறகு அவள் எங்கள் தெருவில் ரொம்ப நாள் இருக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற அவள் மகள் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டாள். போகும்போது என் சல்லடைக்குப் பதில் புதுச் சல்லடை ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள். பழையதில் மரத்தூள் வாசம் போகவில்லையாம், அதைத் தானே வைத்துக்கொண்டாளாம். புதுசு நன்றாகத்தான் சலிக்கிறது. அவர் எப்போதாவது "தங்கச்சி இருந்தா" என்று ஆரம்பிப்பார். நான் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். நிறுத்திவிடுவார்.

படகு நாத்தனார் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. மழை பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால் போவோம். இப்போதும் எனக்குத் தண்ணீர் பயம் போகவில்லை, ஆனாலும் ஏறுகிறேன். ஏறி உட்கார்ந்து, அவர் துடுப்பை எடுக்கிறதுக்கு முன்னாலேயே என் கை தன்னால் கீழே போய்விடும். நடுவில் தடவுவேன். அப்புறம் ஓரம் நெடுக, மூலைவரைக்கும், விரலை வைத்து வழித்துக்கொண்டே போவேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு அகப்பட்டால் போதும் எனக்கு.

இன்றைக்கு வரை இல்லை, பாவி மகள்.